யாரெமா வந்த வண்டி

என் மகன் யாரெமாவின் உடல் வரவிருந்த அன்று எங்கள் வானொலி ஊமையாகிவிட்டது.

சூமி நகரத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. போர்முனையிலிருந்து ஒரு பிள்ளையின் சவப்பெட்டி வந்தால், அது போகும் தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் மண்டியிட்டிருப்பார்கள். முகம் தெரியாத பிள்ளையானாலும் அப்படித்தான். ஆனால் வருவது தெரிய வேண்டுமே. மின் நிலையத்தில் குண்டு விழுந்ததிலிருந்து கைப்பேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. செய்தி சொல்ல மிச்சமிருந்தது நான் நடத்தும் வானொலி ஒன்றுதான். வீடுதோறும் பேட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வதும் மைக்கில் பேசுவதும் என் மருமகள் சொலோமியா, யாரெமாவின் மனைவி. அன்று காலை வானொலி நிலையத்தின் கொல்லையில் ஜெனரேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் கறுப்பு.

"கோடை டீசலைக் குடுத்துட்டானுங்கப்பா. இந்தக் குளிர்ல மெழுகா உறைஞ்சு குழாயெல்லாம் அடைச்சுக்கிச்சு. இன்னிக்கு ஓடாது."

"பேட்டரி?"

"நேத்தே தீந்துபோச்சு."

பக்கத்து வீட்டு ஹவ்ரிலோ வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ஒரு மடக்கு வோட்கா ஊத்திப் பாரு பொண்ணே. என் மருமகன் அதுலதான் ஓடுறான்."

அவள் சிரிக்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "தப்பா நெனைக்காத தாயி." பிறகு என் பக்கம் திரும்பினான். "செவெரின் லூகிச், நான் வேணா வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

"வேணாம். என் பிள்ளைக்கு மண்டி போடுங்கன்னு யாரும் கதவத் தட்டிக் கேக்க வேணாம்."

வானொலியில் சொல்வது வேறு. எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தான் சொன்னோம். வாசலில் போய் நிற்பது பிச்சை. எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பழைய ராணுவ வேன். முன்பக்கம் நீலமும் மஞ்சளுமாகக் கொடி. ஓட்டி வந்த மார்க்கியான் நிலையத்தின் வாசலிலேயே நிறுத்தி, வெறிச்சோடிய தெருவைப் பார்த்தான். "ஜனங்க எங்கய்யா?"

சொலோமியா வெளியே வந்தாள். கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துவிட்டு, வண்டியின் பின்கதவில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு எஞ்சின் பக்கம் போனாள்.

"பானெட்டைத் தொறங்கண்ணே. எங்க இன்வெர்ட்டரை இதுல மாட்டிக்கிறேன்."

எனக்குச் சுரீர் என்றது. "என்ன காரியம் பண்ற? உள்ள பிள்ளை கெடக்கான். அவன் வண்டிய ஜெனரேட்டராக்குவியா? பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"பாக்குறவனே இல்லையேப்பா!" என்று கத்தினாள். "வெறுந்தெருவுலயா அவரக் கூட்டிட்டுப் போகணும்?"

தலையசைத்தேன். அவள் உள்ளே ஓடப் போனபோது நிறுத்தினேன்.

"மொதல்ல தண்ணி அறிவிப்பு. அப்புறம் நம்ம சேதி."

குழாயில் சாக்கடை கலந்து குழந்தைகள் படுத்துக் கிடந்தன. கொதிக்க வைக்கச் சொல்ல வேண்டும்.

"இப்பவுமா?"

"இப்பவுந்தான். நம்ம வீட்டுப் பிள்ளைன்னு வரிசையில முன்னால தள்ளுனா, அவனுக்கு அதுவா மரியாதை?"

"கல்லுப்பா நீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்வெர்ட்டர் கவ்வி பேட்டரியில் சரியாக உட்காரவில்லை. மார்க்கியான் அதைக் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டான். "ஆக்சிலேட்டரை யாராச்சும் மிதிச்சுப் பிடிங்க. விட்டுட்டா குரல் நின்னுடும்!"

குரல் வருகிறதா பார்க்கிறேன் என்று ஹவ்ரிலோ வீட்டுக்குள் போயிருந்தான். நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் என் மகன்.

"வருது! வருது!" என்று ஹவ்ரிலோ ஜன்னலிலிருந்து கூவினான்.

வண்டியின் ரேடியோவைத் திருகினேன். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், தண்ணீர் லாரி பள்ளிக்கூடத்தருகே நிற்கும் என்றாள். பிறகு, "நம்ம ஊர் வீரர் யாரெமா செவெரினோவிச் கொவ்ஷுன் வீட்டுக்கு வந்திருக்கார். வானொலி நிலைய வாசல்ல இருக்கார்." என் கணவர் என்று சொல்லவில்லை. குரல் உடையவில்லை. மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்கினாள்.

ஒரு கதவு திறந்தது. பிறகு பல. சமையல் உடையோடும் வீட்டுச் செருப்போடும் வந்தார்கள். தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி சேற்றுப் பனியில் மண்டியிட்டாள். ஹவ்ரிலோ வேலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இறங்கினான். கண்ணாடியில் பார்த்தேன். தெருமுனைவரை குனிந்த தலைகள்.

தகப்பன் முதலில் மண்டியிட வேண்டும். ஆனால் நிலையத்துக்குள்ளே அவள் தண்ணீர் லாரி நிற்கும் இடத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். காலை எடுத்தால் குரல் நின்றுவிடும். தொப்பியை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட வளையாதவன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

எஞ்சின் அதிர்வில் பெட்டி தகரத்தில் மெல்ல மோதிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் பொறுடா," என்றேன், திரும்பாமல். "அவ முடிச்சிரட்டும்."