கிளைவின் பைன் மரம்

ஃபிளாஸ்க்கில் தேநீர், ஒரு பாட்டில் தண்ணீர், மடக்கு நாற்காலி. மே மாதம் பிறந்துவிட்டால் ஹிலரியின் மாலைச் சுமை இதுதான். இங்கிலாந்தின் டோர்செட்டில் அவள் வீட்டுக்குப் பின்னால், அரசு பாதுகாக்கும் புதர்வெளி. இறந்துபோன கணவன் கிளைவின் நினைவாக, ஒன்பது வருடங்களுக்கு முன் யாரையும் கேட்காமல் அதன் நடுவில் ஒரு பைன் கன்றை நட்டிருந்தாள். தண்ணீர் அந்த மரத்துக்கு. நாற்காலி, பக்கிப் பறவைக்காகக் காத்திருக்க.

அந்திக் கருக்கலில் தையல் மிஷின் ஓடுவதுபோல் மூச்சுவிடாமல் பாடும் பறவை அது. கிளைவுக்கு அதன்மேல் பைத்தியம். முப்பது கோடைகள் இருவரும் கைகோத்துக் கேட்ட பாட்டு, மூன்று வருடமாக இல்லை. ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அவரே பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

ஜூனில் ஒருநாள், வனக்காவலர் டாம்சின் மரத்தடியில் நின்றிருந்தாள்.

“மரத்தை வெட்டச் சொல்லி மறுபடியும் நோட்டீஸா? மரம் வெட்டச் சம்பளம் வாங்குற காவலர் உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!”

“திட்டுங்க ஹிலரி. முதல்ல இதைப் பாருங்க.”

ஹெதர் என்னும் குட்டைப் புதர்ச் செடிகளுக்கிடையே, வெறும் மண்ணில், உடைந்த முட்டை ஓடுகள்.

“பக்கியோடதா? வந்துச்சா?”

“நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப வந்துச்சு. பாடுச்சு. தரையிலதான் முட்டை போடும். மேல பாருங்க.”

பைன் உச்சியில் காக்கை. ‘கிளைவைப் பார்க்க வந்தாயா?’ என்று ஹிலரி தினமும் கொஞ்சும் அதே காக்கை.

“இந்த வெளியில அது உக்காந்து முட்டையை நோட்டம் விட வேற உசரமே இல்ல. விதை விழுந்து இன்னும் நாப்பது கன்னு முளைச்சிருக்கு. அதுவும் வளந்தா பக்கிக்கு வெட்டவெளியே மிஞ்சாது.”

ஹிலரி அன்று மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

பறவைகள் முட்டையிடும் காலம் முடியட்டும் என்று டாம்சின் சொன்னதால் ஹிலரி நவம்பர் வரை பொறுத்திருந்து, கிளைவின் ரம்பத்தாலேயே மரத்தை அறுத்தாள். அழுதுகொண்டேதான் அறுத்தாள். நாயோடு வந்த பக்கத்து வீட்டு ராட்னி திகைத்து நின்றான்.

“பச்சை மரத்தைப் போயி... பாவம் இல்லையா ஹிலரி?”

“நட்டதுதான்யா பாவம். எனக்கு ஆசையா இருந்துச்சு, நட்டேன். இந்த மண்ணுக்கு மரம் வேணுமா, வெட்டவெளி வேணுமான்னு கேக்கவே இல்ல. ஒரு இடத்து மேல பாசம் இருந்தா, அதுக்கு என்ன வேணும்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஜூன்ல நீயும் நாற்காலி எடுத்துட்டு வா. தரையில முட்டை இருக்கும், நாயை மட்டும் வீட்டுல விட்டுட்டு வா.”