வாசலுக்கு வராத வண்டி

வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் எங்களுடைய பதவிப் பெயர்கள் யார் வாயிலும் நுழைவதில்லை. அதனால் ஊரே பெயர் வைத்துவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கும் பூவிழி, மாத்திரைக்காரப் பொண்ணு. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் கிராம நர்ஸ், ஊசியம்மா. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இளவழகன், கைகால் டாக்டர். அந்த 'டாக்டர்' அவனுக்கு வெல்லம். எனக்கு வைத்த பெயரை மட்டும் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஒருநாள் பூவிழிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கடைசி நர்ஸ்னு சொல்றாங்க, மதியக்கா."

இனிக் குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவர்களுக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டுவதும், வலிக்கு மாத்திரை கொடுப்பதும் என் வேலை. அதற்குக் கிடைத்த பட்டம் இது. அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. எங்கள் வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் சாவு நெருங்கிவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் திருப்பூரில் இருக்கும் உறவுக்காரர்கள் வரை போன் போய்விடும்.

நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சநதம் என்பவருக்குத் தொண்டையில் புற்றுநோய். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையோடு முதல் தடவை போனபோது, அவர் மனைவி நாகம்மாள் படலுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார். இங்கே அப்படி யாரும் இல்லை, வேறு வீடு பாருங்கள் என்றார். உள்ளே அவர் முனகுவது வாசல் வரை கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டு நுழைந்திருப்பேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. திரும்பி வந்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பூவிழி ஒரு வழி கண்டுபிடித்தாள். வண்டியை நெல் கொள்முதல் நிலையத்திலேயே நிறுத்திவிட்டு, வாய்க்கால் கரையோடு அவளும் நானும் நடந்து போக வேண்டியது. கேட்டால், நான் பிரஷர் பார்க்கிற நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டியது. இதற்கு நாகம்மாள் ஒத்துக்கொண்டார். எங்களை உள்ளே விடுவதற்கு முன் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, "பிரஷர் பாக்க வந்திருக்காங்க" என்று உரக்கச் சொல்லுவார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்க அவருக்கு இந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

அதன்பிறகு வாரா வாரம் அதே நடைதான். வெயிலில் பையைச் சுமந்து நடந்து குதிகால் வெடித்துப்போனது. டிரைவர் முகம்மது யூசுப், ஒளிஞ்சு நிற்க நாம என்ன திருட்டு மணலா அடிக்கிறோம் என்று கேட்பார். போனதும் முதலில் பஞ்சநதத்தின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவேன். பிறகுதான் கழுத்துப் புண்ணைத் துடைப்பது, மாத்திரை எல்லாம். அவர் இரவில் தூங்க ஆரம்பித்தார். குரல் போய்விட்டதால் காற்றாகத்தான் பேசுவார். ஒருநாள் பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்றார். கண் மட்டும் சிரித்தது.

சென்ற வாரம் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நாகம்மாள் செருப்பில்லாமல் நின்றிருந்தார். போய்விட்டாரா என்று நான் கேட்பதற்குள் அவரே இல்லை என்று தலையை ஆட்டினார். நேற்றிலிருந்து கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லையாம்.

"வண்டிய வாசலுக்கே கொண்டாங்கம்மா" என்றார். தெருவே பார்க்குமே என்றேன்.

"பாக்கட்டும். விடியக்காத்தால கையப் புடிச்சுக்கிட்டு, பிரஷர்லாம் போதும், அந்த நர்ஸயே கூப்பிடுன்னுட்டாரு."

நாகம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். யூசுப் ஹாரன் அடிக்காமல் ஓட்டினார். இத்தனை நாள் இந்த வண்டி வாசல் வரை போகாதா என்று ஏங்கியவள் நான். இப்போது வழி இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

தெருப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிரஷர் கருவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். நாகம்மாள் படலை அகலத் திறந்தார். பிறகு எதிர்வீட்டைப் பார்த்து, எப்போதும் சொல்லும் அதே உரத்த குரலில் சொன்னார்.

"அவரோட வலியப் பாக்க வந்திருக்காங்க."