நனைந்த கையுறைக்கு நான்கு ஆட்டம்

கால்பந்துக் கழகத்தின் அலுவலகம் என்பது ஒரு மேசை, சூடேறினால் தாளைக் கடிக்கும் அச்சுப்பொறி, ஜன்னலுக்கு வெளியே காயும் பதினோரு ஜோடிக் காலுறைகள். அந்த மேசையில் லீக்கின் தண்டனைக் கடிதத்தை விரித்துவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார் செயலாளர். எதிரே கோல்கீப்பர். கழகத்துக்குக் கோல்கீப்பர், செயலாளருக்கு மனைவியின் தம்பி.

“நாலு ஆட்டம் தடையா? மாமா, நான் எறிஞ்சது கையுறை. கருங்கல்லு இல்ல.”

“நனைஞ்ச கையுறை மாப்ள. நடுவர் நெத்தி புடைச்சிருக்கிறத படம் எடுத்து இணைச்சிருக்காங்க. அளவுகோலோட.”

“இல்லாத பெனால்டியக் குடுத்தா? கோபத்துல தரையில எறிஞ்சேன். குறுக்க அவர் தலை வந்துச்சு.”

“தலை தரையிலயா இருந்துச்சு?”

கோல்கீப்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக் காலுறைகளை எண்ணத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். டிரா செய்தால்கூட முதல் பிரிவில் தங்கலாம். தோற்றால் கீழ்ப் பிரிவு. மாற்றுக் கோல்கீப்பருக்கு விரல் முறிந்திருந்தது. மூன்றாவதாகப் பதிவாகியிருந்தவர் அணிப் பேருந்தின் ஓட்டுநர். பந்து வேகமாக வந்தால் அவர் ஒதுங்கி வழிவிடுவார், தொழில் தர்மம்.

செயலாளரின் வயிற்றெரிச்சல் வேறு. போன மாதம் சாம்பியன் கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் பூட்ஸையே கழற்றித் துணை நடுவரின் தோள்பட்டைமேல் எறிந்தார். விசாரணைக் குழு வெறும் எச்சரிக்கையோடு அனுப்பிவிட்டது. அந்தத் தீர்ப்பும், அதை வாங்கித்தந்த மேல்முறையீட்டுக் கடிதமும் லீக்கின் இணையதளத்திலேயே கிடந்தன. செயலாளர் கடிதத்தை மூன்று முறை படித்தார். நான்காவது முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“அதே கடிதம் போனா அதே தீர்ப்பு வரணும். அதுதானே நியாயம்?”

அன்று மாலை வீட்டுச் சமையலறையில் அவர் சொல்லச் சொல்ல மனைவி தட்டச்சு செய்தாள். பூட்ஸ் வந்த இடமெல்லாம் கையுறை. தோள்பட்டை வந்த இடமெல்லாம் நெற்றி.

“‘இவர் அடித்த முப்பது கோல்களால் ரசிகர் உள்ளம் குளிர்ந்தது’ன்னு இருக்கே, என்ன பண்ண?”

“‘இவர் விட்ட முப்பது கோல்களால்’னு மாத்து.”

“அப்ப குளிர்ந்தது யாரு உள்ளம்?”

“எதிரணி ரசிகரும் ரசிகர்தானே.”

“என் தம்பி மானத்த வாங்காம விடமாட்டீங்க,” என்றபடி அவள் அதையும் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. கம்பளம் விரித்த அறை, நீண்ட மேசை, மூன்று பேர். தலைவர் முதல் பத்தியைப் படித்துவிட்டு, “மனசத் தொடுது. எங்கயோ படிச்ச மாதிரியே இருக்கு,” என்றார்.

“நல்ல எழுத்துன்னா அப்படித்தாங்க ஐயா இருக்கும்.”

நான்கே நிமிடத்தில் விசாரணை முடிந்தது. மறுநாள் தீர்ப்பு வந்தது. செயலாளர் படித்தார், நம்பாமல் மறுபடியும் படித்தார். சாம்பியன் கழகத்தின் ஆட்டக்காரருக்கு எச்சரிக்கை மட்டும் என்றிருந்தது. பூட்ஸ், தோள்பட்டை, அடித்த முப்பது கோல், எல்லாம் அப்படியே. கடிதத்தைப் பார்த்து எழுதியபோது செயலாளர் பெயர்களை மாற்றினார். பழைய தீர்ப்பைப் பார்த்து எழுதியபோது குழுவினர் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“அப்ப நான் விளையாடலாமா, கூடாதா?”

“தடைன்னும் இல்ல, மன்னிப்புன்னும் இல்ல. நீ இந்த வழக்குலயே இல்ல மாப்ள.”

“நெனச்சேன். அந்த ரூம்ல ஒருத்தரும் என் முகத்தப் பாக்கவே இல்ல.”

லீக்குக்குப் போன் செய்தால், திருத்துவதற்குக் குழு கூட வேண்டும், குழு செவ்வாய்க்கிழமைதான் கூடும் என்றார்கள்.

ஞாயிறு மாலை உடைமாற்றும் அறை வாசலில் போட்டி அதிகாரி தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத வச்சு இவர உள்ள விடவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அடிபட்டவர் ஆட்சேபணை இல்லன்னா விடறேன்.”

அடிபட்டவர்தான் அன்றைக்கும் நடுவர். மஞ்சளும் நீலமுமாகக் கன்றிய நெற்றியோடு நடுவர் வந்தார். தீர்ப்பை வாங்கி, விரல்வைத்து வரிவரியாகத் தேடினார்.

“என் நெத்தி எங்க?”

“அது... தோள்பட்டைன்னு போட்டிருக்குங்க.”

“துணை நடுவர் தோள்பட்டை. போன மாசத்தோடது.” அவர் தாளை மெதுவாக மடித்தார். “ரெண்டு நாள் தலைவலியில துடிச்சேன். கடைசியில என் பேரே இல்ல.”

செயலாளர் ஒரு உரை தயாரித்து வைத்திருந்தார்: சம நீதி, சிறிய கழகம், பூட்ஸின் எடை, கையுறையின் எடை. வாயைத் திறப்பதற்குள் கோல்கீப்பர் முந்திக்கொண்டார்.

“அண்ணே, நான் தரையில எறியல. உங்க மேலதான் எறிஞ்சேன். தப்புதான்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று செயலாளர் சுவரில் சாய்ந்தார்.

நடுவர் கோல்கீப்பரை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தன பக்கம் எழுதினாங்க. இத மட்டும் யாரும் எழுதல. சரி, போய் விளையாடு. ஆனா அது பெனால்டிதான்.”

“இல்லண்ணே, அது வந்து...”

“பெனால்டிதான்.”

செயலாளர் மைத்துனரின் காலை ஓங்கி மிதித்தார்.

“பெனால்டிதாண்ணே,” என்றார் கோல்கீப்பர்.

தொண்ணூறாவது நிமிடம்வரை இருபக்கமும் கோல் விழவில்லை. செயலாளர் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துத் தீர்த்திருந்தார். நேரத்தைக் கடத்த, கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்து, கண்ணாடிச் சாமான் சுமப்பவரைப்போல அடிமேல் அடிவைத்து நடந்தார். நடுவர் ஓடிவந்து மஞ்சள் அட்டையைக் காட்டினார். பிறகு குறிப்பேட்டில் எழுதி, எழுதியதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பேரு சரியா இருக்கா, பாத்துக்க.”

“சரியா இருக்குண்ணே.”

நடுவர் குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்து, தட்டிப் பார்த்துக்கொண்டு, கடைசி விசிலை நீளமாக ஊதினார்.