சிவப்புப் புள்ளி

"இந்த டம்ளர் நம்ம டம்ளரோட எப்படிச் சேர்ந்துச்சு?" என்று ஓரகத்தி போட்ட கூச்சலில், அந்த வீட்டின் இளைய மருமகளான சின்னவளின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது சின்னவளின் பதினான்கு வயது மகள் தண்ணீர் குடிக்கும் டம்ளர். அவளுக்குக் காசநோய் என்று மருத்துவமனையில் சொன்ன அன்றே ஓரகத்தி நகப்பூச்சை எடுத்து அதில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள். தட்டுக்கும் ஒன்று. அவள் படுக்கை, சாமான் வைக்கும் அறைக்குப் போயிற்று. இந்தச் சுத்தத்தில் குடும்பத்துக்கே ஏகப் பெருமை.

ஓரகத்தியின் கணவர், தையற்கடை முதலாளி, ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர்தான் பெரியவர். ஆகவே அவர் இருமினால் அது துணித்தூசி. சின்னவளின் மூன்று வயதுக் கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரே இருமுவார். சின்னவள் ஏதாவது சாக்குச் சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். காரணத்தை மட்டும் சொன்னதில்லை.

அன்று சுகாதார நர்ஸ் வந்தாள். "பிள்ளைங்களுக்கு இது பெரும்பாலும் கூட இருக்கிற பெரியவங்ககிட்ட இருந்துதான் வரும். வீட்ல யாராச்சும் ரொம்ப நாளா இருமுறாங்களா?"

"யாரும் இல்லைங்க. எங்க வீடு ரொம்பச் சுத்தம்" என்றாள் ஓரகத்தி.

உள்ளறையில் பெரியவர் இருமினார். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"இருக்காரு" என்றாள் சின்னவள். "பெரிய மாமாதான். ஆறு மாசமா."

"உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சா?" என்று அவள் கணவன் பல்லைக் கடித்தான்.

"சின்னதுக்கும் வந்துட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

நர்ஸ் சளிப் பரிசோதனைக்கான டப்பாவைப் பெரியவர் கையில் கொடுத்தாள். இரண்டு நாளில் முடிவு வந்தது. காசநோயேதான். கடைக்குட்டியையும் பரிசோதித்தார்கள், நோய் இல்லை, வராமல் தடுக்க மருந்து தொடங்கினார்கள். "டம்ளர்ல ஒட்டாதும்மா, இருமுற காத்துலதான் பரவும்" என்றாள் மறுபடி வீட்டுக்கு வந்த நர்ஸ். "வாயை மூடி இருமச் சொல்லுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதீங்க."

அவள் போனதும் சின்னவள் கேட்டாள்: "அக்கா, மாமா டம்ளருக்கும் ஒரு புள்ளி வச்சிடலாமா?"

"கேக்கவே வாய் கூசலையா? நர்சம்மாதான் டம்ளர்ல ஒட்டாதுன்னாங்களே!"

ஆம்பிளைக்கு வந்ததும் அந்த வீட்டுக்குள் மருத்துவ அறிவு பொங்கி வழிந்தது.

"அப்ப என் பொண்ணு டம்ளரு?"

"அது இருந்துட்டுப் போகட்டும். வயசுப் பொண்ணு, அவ டம்ளரும் நம்ம டம்ளரும் ஒண்ணா இருக்கறதை நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

ஓரகத்தி குளிக்கப் போன நேரத்தில் சின்னவள் நகப்பூச்சை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

டீ ஊற்ற வந்த ஓரகத்தி விக்கித்து நின்றாள். வரிசையாக ஒன்பது டம்ளர். ஒன்பதிலும் சிவப்புப் புள்ளி.

"ஐயோ, இதுல எது உன் பொண்ணோடது?"

"எனக்கும் தெரியலைக்கா" என்றாள் சின்னவள்.

மகள் வந்தாள். கைக்கு எட்டிய முதல் டம்ளரில் தண்ணீர் பிடித்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கினாள்.