ஏவாளுக்கு ஒரு டப்பா

ஆதாம் கடித்த அந்த ஒரு கடியில் மனித குலம் முழுவதும் விழுந்துபோனது. அதற்குப் பின் பிறந்த எவருக்கும் பாவத்தை மறுக்கும் சக்தி இல்லை. இந்த மாபெரும் உண்மையை நிரூபிக்கப் போதகர் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருகிறார். இறையியல் கல்லூரிக்குப் புது முதல்வர் யார் என்பது அவர் கையில். சுயசித்தம் பற்றிப் போதகர் வருஷக்கணக்காகச் செய்துவந்த பிரசங்கத்தில் பாதிச் சபை தூங்கும். மீதிச் சபை தூங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கும். இந்த முறை உயிருள்ள உதாரணம் வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் உயிரோடு இருந்தது மனைவிதான்.

உள்ளே ரகசியம் என்று ஒன்று இருந்தால்தானே சோதனை நியாயமாக இருக்கும்? மனைவிக்குத் தெரியாத பொருள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை உள்ளே போட்டு மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டுச் சமையல் மேடையில் வைத்தார்.

"இதை மட்டும் திறக்காதே," என்றார், ஏதேன் தோட்டமே அவர் பெயரில் பத்திரப்பதிவு ஆன தோரணையில்.

"சரிங்க," என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. டேப் அசையவில்லை. டப்பாவைச் சர்க்கரை ஜாடிக்கு முன்னால் நகர்த்தினார். அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சர்க்கரை எடுத்தாள். வியாழக்கிழமை பார்த்தால், காற்றில் அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு அது முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. போதகருடைய மொத்த இறையியலையும் ஒருத்தி காலால் ஓரம் தள்ளிவிட்டாளே.

சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "உள்ள என்னதான் இருக்குன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"நீங்க ஒளிச்சு வைக்கிற அளவுக்கு உங்ககிட்ட என்னங்க இருக்கப்போகுது?"

ஏவாள் விழமாட்டேன் என்று அடம்பிடித்தால் போதகர் என்னதான் செய்வார்? மறுநாள் பீடத்தில் ஏறி, தன் சொந்த மனைவியே டப்பாவைத் திறந்துவிட்டதாகவும், தான் அவளைக் கண்ணீரோடு மன்னித்ததாகவும் சொன்னார். சபை விழித்துக்கொண்டது. பேராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் இருந்த பாவி, கைக்குட்டையை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தாள்.

மதியச் சாப்பாடு போதகர் வீட்டில். கை துடைத்துக்கொண்டே பேராயர், கல்லூரியில் இதையே முதல் பாடமாக வைத்துவிடலாம் என்றார். போதகர் முதல்வராகவே நாற்காலியில் சாய்ந்தார். பேராயருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். அவர் போதகர் மனைவியிடம் திரும்பினார்.

"அப்படி உள்ள என்னதாம்மா இருந்துச்சு?"

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்? நான் திறக்கலியே."

போய்க் கதவடியிலிருந்து டப்பாவை எடுத்து, துணியால் துடைத்து, பேராயர் முன்னால் வைத்தாள். டேப்பும் கையெழுத்தும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தன. போதகர் அதெல்லாம் ஒரு உவமை மாதிரி என்று இழுத்தார். பேராயரின் விரல் டேப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"வேண்டாங்கய்யா, அதை மட்டும் திறக்காதீங்க," என்றார் போதகர்.

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. பேராயர் நகத்தாலேயே டேப்பைக் கிழித்தார்.

உள்ளே, போன வருஷம் இதே வீட்டில் பேராயர் தொலைத்த பேனா இருந்தது. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் புகுந்து அதைத் தேடியவர் போதகர்தான்.