சிக்னேயின் ஆஸிலேட்டரும் சரிவில் இறங்கிய வீடும்

அந்தக் குளிர்காலத்தில் சிக்னேயின் வீடு கடலை நோக்கி நகரத் தொடங்கியது. நார்வேயின் வடகரையில், மீன் காயும் பந்தல்களுக்கு மேலே மலைச்சரிவில் நின்ற சிவப்பு மரவீடு. காரணம் அவள் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த வானொலி. தொலைதூரக் குரல் எந்த அலைவரிசையில் வருகிறதோ, அதில் வானொலியை நிறுத்திவைக்க வேண்டிய ஆஸிலேட்டர் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. உள்ளே கண்ணாடிக்குழல் வால்வு சூடேறும், செப்புக் கம்பிச்சுருள் விரியும், அலைவரிசை மெல்லக் கீழே இறங்கும். கூடவே வீடும் இறங்கும். அணைத்தால் வீடு நிற்கும். இறங்கியது மட்டும் ஏறாது.

ஊரில் யாருக்கும் இதில் பெரிய வியப்பில்லை. கணவன் ஹால்வர்தான் கொதித்தான். "அந்தப் பாழாப்போன பெட்டியைக் கடல்ல எறி. இல்லேன்னா நாமதான் கடலுக்குள்ள போவோம்!"

"எறிஞ்சிட்டா? வீட்டை மறுபடி மேல கொண்டுபோறது யாரு, நீயா தோள்ல தூக்கப்போற?" என்றாள் சிக்னே.

பிடிவாதக்காரி. முதலில் அடுப்பையே அணைத்துப் பார்த்தாள்; இருவரும் கையுறையோடு காப்பி குடித்தார்கள், வீடு கொஞ்சம் மெதுவாக இறங்கியது, அவ்வளவுதான். பிறகு தடித்த கம்பியைப் பீங்கான் குழாயில் இறுக்கிச் சுற்றி, மெழுகு பூசி, கனத்த இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். அப்போதும் வீடு இறங்கி, வாசற்படியை அலை நனைத்தது. சூட்டை விரட்ட முடியாது, சூட்டையே வேலைக்கு வைக்க வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடைந்த கப்பல் வானொலியின் கண்டென்சர்களை, அதாவது மின்தேக்கிகளை, ஒவ்வொன்றாகச் சூடுகாட்டிச் சோதித்தாள். சூடேறினால் அலைவரிசையை மேலே தள்ளும் கண்டென்சர் ஒன்று அகப்பட்டது. கம்பிச்சுருள் கீழே இழுக்கும், இது மேலே தள்ளும், கணக்கு நேராகிவிடும்.

கணக்கு பிசகினால் வீடு தண்ணீரில். ஊரே கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டது. சிக்னே வேண்டுமென்றே அடுப்பில் விறகைத் திணித்து, கதவைத் திறந்து பனிக்காற்றை உள்ளே விட்டு, வானொலியைப் போட்டாள். ஒலி எழுந்தது, சுருதி அசையவில்லை. வீடும் அசையவில்லை. "நிக்குதுடீ!" என்று கயிற்றைப் பிடித்தபடியே ஹால்வர் அலறினான்.

"நின்னா போதுமா? இனி திருகின இடத்துல நிக்கும்ல!" என்ற சிக்னே அலைவரிசையை ஏற்றும் குமிழை வலப்பக்கம் திருகினாள். வீடு முனகிக்கொண்டே சரிவில் ஏறியது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஒரு தட்டுகூட உடையவில்லை. ஹால்வர் வெட்கமில்லாமல் அழுதான்.

அதன்பின் தபால்காரர் மட்டும் அவ்வப்போது முணுமுணுப்பார். ஹால்வரின் படகு திரும்பும் நாட்களில் சிக்னே குமிழை இடப்பக்கம் திருகி, வீட்டைத் துறைவரை இறக்கி நிறுத்துவாள். அவன் படகிலிருந்து நேரே சமையலறைக்குள் கால் வைப்பான். காப்பி சூடாக இருக்கும்.