அதிமதுரச் சீட்டு

எர்சிலியா அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டிவிட்டாள். கண்கள்தான் சொன்னபடி கேட்கவில்லை. இமையை இழுத்துவிட்டால் மெல்லத் திறந்துகொண்டன.

"விடுடி, அண்ணன் யாரையோ தேடுறாரு," என்றாள் கிளேலியா அத்தை. "ராத்திரி பூரா செத்துப்போன தம்பிகூட என்ன பேச்சு! சிரிப்பு வேற."

கருமணி விரிந்து கிடந்தது. சாவிலும் விரியும் என்பார்கள். ஊமத்தை விஷத்திலும் விரியும், பிதற்றலும் வரும். மருந்துக்கடைக்காரர் மகளுக்கு இது தெரியும்.

கீழே கடையில் வெள்ளைப் பூச்சும் நீலக் கொடியுமாக அறுபது ஜாடிகள், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தெரூத்தா ஊர்ச் சூளையில் சுட்டவை. ஜாடியின் மேல் சுட்டெழுதிய பெயரை நம்பி மருந்து எடுப்பவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். விரியன் பாம்பு லேகியம் என்றிருக்கும், உள்ளே சோடா உப்பு. வாயில் கட்டிய தோல் மூடியில் அப்பா ஒட்டிய சீட்டுதான் வேதவாக்கு. ஈஸ்டருக்குப் பாதிரியார் கடையை ஆசீர்வதிக்க வருமுன் ஜாடிகளை இறக்கித் துடைப்பார்கள். போன சனிக்கிழமை எர்சிலியா துடைத்தாள். அவசரத்தில் ஐந்தாறு மூடிகளை ஒன்றாக அவிழ்த்துப் போட்டிருந்தாள்.

நேற்று மாலை அப்பா இருமியபோது, அதிமதுரச் சீட்டு ஒட்டிய ஜாடியிலிருந்து இரண்டு கரண்டி கொடுத்தாள்.

"இனிக்கவே இல்லையேடி. உங்கம்மா சமையல் மாதிரி இருக்கு," என்று சிரித்துவிட்டு விழுங்கினார். தன் கடை மருந்தின் மேல் இருந்த நம்பிக்கை அவருக்குப் பாதிரியார் மேல்கூடக் கிடையாது. மூச்சிழுப்புக்காரர்களுக்குப் புகை போடும் ஊமத்தைத் தூளும் அதே வரிசையில்தான் இருந்தது.

அந்த ஜாடியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எர்சிலியா கீழே ஓடினாள். அலமாரித் தட்டில் அது இல்லை. கொல்லையில் அம்மா தொமித்தில்லா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவரோரம் மண் நனைந்திருந்தது.

"ஏம்மா இதைப் போய் இப்போ..."

"அதிமதுரம் பழசாயிடுச்சு. கொட்டிட்டேன்."

"மூடி மாறிப்போச்சோன்னு எனக்குப் பயமா இருக்கும்மா."

"மாறல. நான் வாயில போட்டுப் பாத்தேன். இனிச்சுது. டாக்டரே இதயம்னு எழுதிட்டாரு, அவரைவிட நீ படிச்சவளா? மூஞ்சியக் கழுவு, ஆளுங்க வருவாங்க."

எர்சிலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா இறந்ததற்குக்கூட அப்போதுதான் அழுகை வந்தது. படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அப்போது கோழிகள் இரண்டு ஈரமண்ணைக் கிளறிக் கொத்த வந்தன. அம்மா ஜாடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். துடைப்பத்தை வீசித் துரத்தினாள். அடுப்புச் சாம்பலைக் கூடையோடு கொண்டுவந்து அந்த இடத்தில் கொட்டினாள், மேலே பலகையை இழுத்துப் போட்டாள்.

பிறகு அந்தப் பலகையின் மேலேயே ஏறி நின்றுகொண்டாள், மகள் பக்கம் திரும்பாமல்.